குரங்கு பேன் பார்த்து வாயில் போடுவது உப்பா, பேனா?

ஓட்டுவீடு:
குலசேகரம் பக்கம் எங்கள் வீடு, பின்னால் ரப்பர் தோட்டம். ஒரு மாதமாக மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரத்துக்கு நாட்டுக்குரங்குக் கூட்டம் ஒன்று வந்து தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துவிடுகிறது. மரச்சீனி பிடுங்கியது, பால் சிரட்டையைத் தட்டிவிட்டது எல்லாம் தனிக்கதை, அதை விடுங்கள். வெயில் தாழும்வரை ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதுதான் அவற்றுக்கு வேலை. காது கிழிந்த கிழவி ஒன்று இருக்கிறது, அது போய்ப் படுத்தால் போதும், இரண்டு மூன்று ஓடிவந்து முதுகு முடியைப் பிரிக்க ஆரம்பித்துவிடும். எதையோ எடுத்து வாயிலும் போட்டுக்கொள்கின்றன. அம்மா அது வேர்வை உப்பு என்கிறார், நாலாம் வகுப்பு படிக்கிற மகள் பேன்தான் என்கிறாள். எது சரி? இத்தனை பேர் பார்த்துவிட்டால் கிழவிக்குத்தான் கூட்டத்திலேயே நல்ல ஆரோக்கியம் என்று சொல்லலாமா? அப்புறம் முக்கியமான பயம், அந்தப் பேன் பிள்ளை தலைக்கு வருமா?

காட்டுப்பூவரசு:
மகள் கிட்டத்தட்ட சரி. பேனைவிட ஈர்தான் அதிகம் மாட்டுகிறது. ஜப்பானில் தனாக்கா என்ற ஆய்வாளர் குரங்குகளின் விரலையும் வாயையும் பக்கத்தில் இருந்து கவனித்து இதை எழுதியிருக்கிறார். ஈர் முடியில் பசை போட்டதுபோல ஒட்டியிருக்கும், சும்மா இழுத்தால் வராது. நகத்தால் தளர்த்தி முடியோடு உருவி எடுக்க வேண்டும். அந்த உருவுகிற கைப்பழக்கம் தாய்வழிக் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறதாம்! நம் வீடுகளில் பாட்டி பேன் சீப்பு பிடிக்கிற விதம் அம்மாவுக்கு வருகிறதே, அந்த மாதிரி.

கிழவி விஷயம்தான் சிக்கல். தோல்மேல் இருப்பது வேறு, குடலுக்குள் இருப்பது வேறு. கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளைப் பார்த்தபோது, அதிகம் பேன் பார்க்கப்பட்டவற்றின் மேல் உண்ணி குறைவாக இருந்தது. அதுவரை உங்கள் கணக்கு சரி. ஆனால் 2012இல் ஜப்பானின் யாக்குஷிமா தீவு ஆய்வில், பேன் பார்க்கிற உறவுகளுக்கு நடுவில் இருந்த பெண் குரங்குகளின் சாணத்தில் சில வகைக் குடற்புழு முட்டைகள் அதிகம் இருந்தன. அந்தப் புழுக்களின் முட்டை சாணத்தோடு வெளியே வந்து, மண்ணில் சில நாள் கிடந்து, குஞ்சுப்புழுவாகி அடுத்த உடம்புக்குள் போகிறது. ஒரே இடத்தில் கூடி உட்கார்ந்து, ஒன்றின் முடியில் கைவைத்து அதே கையை வாயில் வைத்தால் என்ன ஆகும்? முதுகு சுத்தமான கிழவிக்கு வயிறு நிறையப் புழு இருக்கலாம்.

பொற்றையடிக்காரன்:
இதெல்லாம் சரி அண்ணே, ஆனால் பேன் எடுக்கத்தான் பேன் பார்க்கின்றன என்று நான் நம்பவில்லை. மருத்துவாழ் மலை ஏறும்போது ஒருநாள் பார்த்தேன். வாழைப்பழத்துக்காக ஒன்று இன்னொன்றை அறைந்தது, அடி வாங்கியது கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அடித்ததற்கே பேன் பார்க்கிறது. அங்கே பேனா முக்கியம்? காக்காய் பிடிக்கிற வேலை.

காட்டுப்பூவரசு:
இரண்டும்தான். பேன் பார்க்கும்போது மூளையில் எண்டார்பின் சுரந்து கிறங்கிப் போகின்றன, தலையை அம்மா மடியில் வைத்தவர்களுக்குத் தெரியும். அதற்காக நோயைக் கண்டுகொள்ளாமல் இருப்பதும் இல்லை. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டு மாண்ட்ரில் குரங்குகள், குடல் ஒட்டுண்ணி இருக்கிற குரங்கைச் சாண வாசனையிலேயே அறிந்து அதற்குப் பேன் பார்ப்பதைக் குறைக்கின்றன. மருந்து கொடுத்துச் சரியானதும் பழையபடி பார்க்கின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அடுத்த செய்தி. தாய், பிள்ளை, கூடப்பிறந்தது என்று நெருங்கிய தாய்வழிச் சொந்தம் மட்டும் நோய் இருந்தாலும் ஒதுக்குவதில்லை.

ஊசிமருந்து:
கால்நடைப் பக்கம் வேலை பார்க்கிறவன் என்பதால் பயத்துக்கு மட்டும் பதில். பேன் வராது. குரங்குப் பேன் வேறு இனம், நம் தலையில் குடும்பம் நடத்தாது, ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்க வேண்டாம். நீங்கள் பயப்பட வேண்டியது தொட்டிக்குத்தான். மேலே உட்கார்ந்து சாணம் போட்டால் தண்ணீரில் விழும், முதலில் இறுக்கமாக மூடி போடுங்கள், தொட்டியைக் கழுவுங்கள். பள்ளியில் பிள்ளைக்குக் கொடுக்கிற பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்காராதீர்கள்.

அப்புறம் யாரும் தீனி போடாதீர்கள். ஆனைமலையில் சிங்கவால் குரங்குகளைப் பார்த்ததில், ஆள் நடமாட்டம் உள்ள துண்டுக் காடுகளில் இருந்தவற்றுக்குத்தான் ஒட்டுண்ணி அதிகம். பொற்றையடித் தம்பி, அந்த வாழைப்பழத்தைப் போட்டது யார்?

பொற்றையடிக்காரன்:
நான் இல்லை அண்ணே. கூட வந்தவர்.

ஓட்டுவீடு:
எல்லாருக்கும் நன்றி. மகளைச் சன்னலோரம் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன், ஒரு முடியைப் பிடித்து நுனிவரை உருவுவது நன்றாகவே தெரிகிறதாம். அம்மா இன்னும் உப்பு என்றுதான் சொல்கிறார். தொட்டியைக் கழுவி, மூடி போட்டு, மேலே ஒரு கல்லும் தூக்கி வைத்தாயிற்று. கிழவி இப்போது அந்தக் கல்லில் தலைவைத்துப் படுக்கிறது.