கோவிட் டூட்டி முடிந்தும் தூக்கம் வரவில்லை, யாருக்காவது இப்படி உண்டா?

கேள்வி (மே 2021):
ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி டாக்டராக) கோவிட் வார்டில் இருக்கிறேன். பிபிஇ கிட்டைக் கழற்றிவிட்டு ஹாஸ்டலில் வந்து படுத்தாலும் மானிட்டர் சத்தம் காதிலேயே நிற்கிறது, மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜியை வேறு குறைந்தது 4 மாதம் தள்ளிவிட்டார்கள், புத்தகத்தைத் திறக்கவே மனசு வரவில்லை. வெறும் சோர்வா, டிப்ரஷனா?

பதில் 1:
தம்பி, தூக்கம், பசி, ஈடுபாடு எல்லாம் 2 வாரத்துக்கு மேல் போயிருந்தால் சோர்வு என்று தள்ளிவிடாதே. சைக்யாட்ரி ஓபியில் (மனநல வெளிநோயாளர் பிரிவில்) காட்டு. சொந்தக் கல்லூரியில் கூச்சமாக இருந்தால் வெளியே பார்.

பதில் 2:
தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104-க்குப் போன் போடுங்கள், கவுன்சிலிங் இலவசம்.

பதில் 3:
அதெல்லாம் சரி, லீவு கேட்டால் சீனியர்கள் "நாங்கள் பார்க்காததா" என்கிறார்களே, அதற்கு கவுன்சிலர் என்ன செய்வார்?

பதில் 1:
உண்மைதான். முதலில் டூட்டி சார்ட் போடும் சீனியரிடம் நைட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேள்.