3 நாள் மலை ட்ரெக்: 16 கிலோமீட்டருக்கு எவ்ளோ நேரம் வைக்கணும்?

மேகம்_பாத்தவன்

வணக்கம் மக்களே. மொத தடவையா ஒரு மலை நேஷனல் பார்க்குக்கு 3 நாள் போலாம்னு கெளம்புறோம். நாலு பேர், நான், வைஃப், மச்சான் (வைஃபோட தம்பி, ஜிம்மே கதின்னு கெடக்குறவன்), அப்புறம் எங்க சித்தப்பா. அவருக்கு 61 வயசு, ஆனா தெனம் காலைல 6 கிலோமீட்டர் நடப்பாரு, பிபி சுகர் ஒன்னும் கெடையாது. ரெண்டு பார்க் பாத்து வச்சிருக்கோம், எதுன்னு இன்னும் முடிவாகல, ரெண்டுலயும் ரூட் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

மொத நாள் 800 மீட்டர் உயரத்துல இருக்குற அடிவாரத்துலேந்து வண்டில 2400 மீட்டர் கேம்ப்புக்கு போயிடுவோம். ரெண்டாவது நாள் 3400 மீட்டர்ல இருக்குற கணவாய்க்கு ஏறி அதே கேம்ப்புக்கு திரும்பணும், போக வர 16 கிலோமீட்டர். மூணாவது நாள் சும்மா பக்கத்துல சுத்திட்டு கெளம்பிடலாம்.

என் கணக்கு என்னன்னா, நாங்க மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்போம், அப்போ 16க்கு மூணேகால் மணி நேரம், ஆற அமர 10 மணிக்கு கெளம்புனா 2 மணிக்குள்ள திரும்பி வந்துடலாம். சரியா வருமா? மச்சான் என்ன சொல்றான்னா எதுக்கு திரும்பி வரணும், கணவாய்லயே டென்ட் போட்டு சூரிய உதயம் பாத்துட்டு வரலாம்ங்குறான். புது ஷூ எல்லாருக்கும் வாங்கணும், அது பத்தியும் சொல்லுங்க.

---

நடராஜா_சர்வீஸ்

ப்ரோ, 10 மணிக்கு கெளம்புற ஐடியாவ மொதல்ல தூக்கி போடுங்க.

16 கிலோமீட்டர்னு பாக்காதீங்க, 1000 மீட்டர் ஏத்தம்னு பாருங்க. 8 கிலோமீட்டர்ல 1000 மீட்டர் ஏறுதுன்னா ஒவ்வொரு 100 மீட்டர் நடைக்கும் பன்னெண்டரை மீட்டர் மேல போறீங்க, அதாவது நாலு மாடி உயரம், இப்படி 80 தடவை. பார்க்ல வாக்கிங் போற வேகம் இங்க செல்லாது.

நெய்ஸ்மித்னு ஸ்காட்லாந்துல ஒருத்தர் 1892லயே ஒரு கணக்கு சொல்லிட்டு போயிருக்காரு, இன்னைக்கும் எல்லாரும் அதத்தான் வச்சிருக்காங்க. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்களுக்கு போட்டு பாத்தா நடைக்கு 3 மணி 12 நிமிஷம், ஏத்தத்துக்கு 1 மணி 40 நிமிஷம், கூட்டுனா 5 மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி. ஆனா இது நல்லா பழகுன ஆள், எங்கயும் உக்காராம, போட்டோ எடுக்காம, ஷூ லேஸ் கூட கட்டாம நடந்தா வர்ற கணக்கு. புது ஆளுங்க, முதுகுல பை, குரூப்ல ஒரு பெரியவர்னா நான் எப்பவும் ஒன்றரை மடங்கு வைப்பேன், ஏழரை மணி நேரம். சாப்பாடு, ரெஸ்ட் சேத்தா எட்டரை. 10 மணிக்கு கெளம்புனீங்கன்னா ஆறரைக்கு இருட்டுல தடவிட்டு வருவீங்க.

காலைல 6 மணிக்கு மொத அடி வைங்க. 6 மணிக்கு எந்திரிக்கிறது இல்ல, 6 மணிக்கு நடக்க ஆரம்பிக்கிறது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் எங்க போச்சுன்னே தெரியாம போகும், நாலு பேர்னா கேக்கவே வேணாம். அப்புறம் வீட்லயே உக்காந்து ஒரு டைம் முடிவு பண்ணிக்கோங்க, 11 மணின்னு வைங்க. 11க்கு எங்க நிக்கிறீங்களோ அங்கேந்து திரும்பணும், கணவாய் கண்ணுக்கு தெரிஞ்சாலும் சரி. மேல போய் முடிவு பண்ணிக்கலாம்னு விட்டீங்கன்னா நடக்காது, அந்த நேரத்துல எல்லாருக்கும் "இன்னும் கொஞ்சம்தானே"ன்னு தான் வாய்ல வரும்.

---

பனிமூட்டம்

தம்பி, உங்க மச்சான்கிட்ட இந்த அக்கா சொன்னேன்னு சொல்லுங்க, மேல டென்ட் வேணாம்.

2500 மீட்டருக்கு மேலயே சிலருக்கு உயரத்து நோய் ஆரம்பிச்சிடும். பகல்ல 3400 ஏறி 2400க்கு எறங்கி தூங்குறது ஒரு கதை, மொத நாள் 800லேந்து வந்து மறுநாளே 3400ல படுக்குறது வேற கதை. 3000 தாண்டுனா ராத்திரி தூங்குற உயரத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்கன்னு தான் டாக்டருங்க சொல்றது. கணவாய்ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல மூணுல ரெண்டு பங்குதான், நுரையீரலுக்கு ஆக்சிஜனும் அவ்ளோதான் கெடைக்கும். இதுல ஜிம் பாடிக்கு சலுகை கெடையாது. நான் பாத்த வரைக்கும் பாதி பேர் மாட்டுறதே தெம்பா இருக்கேன்னு வேகமா ஏறி தான், வயசானவங்க மெதுவா போறதால தப்பிச்சுக்குறாங்க. சித்தப்பாவ முன்னாடி விட்டு அவர் வேகத்துல எல்லாரும் போங்க, பேசிக்கிட்டே நடக்க முடியணும், மூச்சு வாங்கி பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்.

தலைவலி, குமட்டல், சாப்பாடே பிடிக்கல, தூக்கம் வரல, இதெல்லாம் வந்தா அதுக்கு மேல ஏறாதீங்க. கொறையலன்னா எறங்குங்க. நடக்கும்போது தள்ளாடுறாங்க, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு தெணறுதுன்னா அங்க யோசிக்கவே கூடாது, ராத்திரியா இருந்தாலும் உடனே எறக்கணும். ராத்திரி அந்த கணவாய்லேந்து யாரு எறக்குவா சொல்லுங்க.

குளிரையும் கணக்கு போட்டுக்கோங்க. 1000 மீட்டர் ஏறுனா சுமாரா ஆறரை டிகிரி கொறையும். அடிவாரத்துல 24 டிகிரி இருக்கும்போது மேல 7 தான் இருக்கும், அதுக்கு மேல காத்து வேற. போன்ல அடிவார ஊரு வெதர பாத்துட்டு டீ-ஷர்ட்டோட போய் நடுங்குனவங்கள நான் நெறைய பாத்திருக்கேன். காட்டன் வேணவே வேணாம், வேர்வைல நனைஞ்சா காயாது, நின்ன உடனே ஐஸ் துணி மாதிரி ஒடம்புல ஒட்டிக்கும். சிந்தெடிக் இல்ல கம்பளி, மேல காத்தும் மழையும் தடுக்குற ஜாக்கெட் ஒன்னு. சூடா இருக்குறப்போ பைல கெடக்கட்டும், பரவால்ல.

மலைல இடி பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல தான். மின்னல் பாத்து 30 எண்ணுறதுக்குள்ள இடி சத்தம் கேட்டா 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம், கணவாய விட்டு எறங்கிடணும். தனியா நிக்கிற மரத்தடி, டென்ட் ரெண்டும் பாதுகாப்பு இல்ல. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு தான் திரும்ப மேல. 6 மணிக்கு கெளம்ப சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

---

காலாற_நட

இவ்ளோ பயமுறுத்துனா யாரு மலைக்கு போவா 😄 நாங்க காலேஜ் படிக்கும்போது செருப்பு போட்டுட்டே இத விட ஒசரம் போயிருக்கோம், ஒன்னும் ஆகல. சும்மா போயிட்டு வாங்க ப்ரோ.

---

ஒத்தையடிப்பாதை

@காலாற_நட நானும் அப்படித்தான் பேசிட்டு இருந்தேன், ஒரு தடவை ஆகுற வரைக்கும்.

எங்க செட்டு ஆறு பேர், 12 மணிக்கு திரும்பணும்னு பேசிட்டு 2 மணி வரைக்கும் மேல ஏறுனோம், வியூ அப்படி. எறங்கும்போது காட்டுக்குள்ள நுழையுறோம், வெளிய வெளிச்சம் இருக்கு, மரத்துக்கு அடில அடுத்த அடி தெரியல. ஆறு பேருக்கு ஒரு டார்ச் இல்ல, எல்லார்கிட்டயும் போன் இருக்குல்லன்னு வந்துட்டோம். குளிர்ல ரெண்டு போன் 20 பர்சன்ட் காட்டிட்டே பட்டுனு செத்துச்சு. கடைசில என் போன் 9 பர்சன்ட், ஒரு கைல அத புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால மரவேர புடிச்சு ஒன்றரை மணி நேரம், முன்னாடி போறவன் காலுக்கு லைட் அடிச்சா என் காலுக்கு இருட்டு. அன்னைலேந்து பகல் ட்ரெக்கா இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஹெட்லேம்ப், அதுக்கு தனி பேட்டரி. போன ஃப்ளைட் மோட்ல போட்டு சட்டைக்கு உள் பாக்கெட்ல வைங்க, ஜிபிஎஸ்க்கு போன் டவர் சிக்னல் தேவையில்ல, மேப் மட்டும் முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கணும்.

ஷூ விஷயத்துக்கு வரேன். காலைல வாங்காதீங்க, சாயங்காலம் போங்க, அப்போ தான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், ட்ரெக்ல போட போற அதே சாக்ஸ போட்டுட்டு போங்க. கட்டைவிரலுக்கு முன்னாடி ஒரு விரல் அகலம் எடம் இருக்கணும். கடைல ஏதாவது சரிவு மாதிரி இருந்தா எறங்கி பாருங்க, விரல் முன்னாடி போய் முட்டுச்சுன்னா அந்த ஷூ வேணாம். எனக்கு முட்டுன ஷூவோட 1000 மீட்டர் எறங்குனேன், ரெண்டு கட்டைவிரல் நகமும் கருத்து ரெண்டு மாசத்துல கழண்டு விழுந்துச்சு. போறதுக்கு முன்னாடி நகத்த வெட்டிக்கோங்க, எறக்கம் ஆரம்பிக்கிற எடத்துல உக்காந்து கணுக்கால்கிட்ட லேஸ திரும்ப இறுக்கி கட்டுங்க, குதிகால் பின்னாடி ஒக்காந்துக்கும், விரல் தப்பிச்சுக்கும். வாங்குன ஷூவ மூணு நாலு வாரமாவது போட்டு நடந்து பழக்கணும், ட்ரெக் அன்னைக்கு பெட்டிய பிரிச்சீங்கன்னா கொப்புளம் நிச்சயம். கால்ல எங்கயாவது சூடா உரசுற மாதிரி தோணுனா அந்த நிமிஷமே நின்னு டேப் ஒட்டுங்க, அடுத்த ரெஸ்ட்ல பாத்துக்கலாம்னு விட்டா அடுத்த ரெஸ்ட்ல தண்ணி கோத்து நிக்கும்.

இன்னொன்னு, சித்தப்பா ஏறிடுவாரு, எறக்கத்துல தான் முட்டி பேசும். ரெண்டு கைக்கும் ஸ்டிக் வாங்கி குடுங்க.

---

காட்டு_வாசல்

எல்லாரும் நல்லா சொல்லிட்டாங்க, பர்மிட்ட யாரும் தொடல. பார்க் எதுன்னு முடிவு பண்ண மொதல்ல பாக்க வேண்டியதே அது தான். அமெரிக்காவுல யோசெமிட்டி பார்க்ல ஹாஃப் டோம் பாறைய கேபிள புடிச்சு ஏறணும்னா லாட்டரில பேர் விழணும், மலேசியாவுல கினபாலு மலை உச்சிக்கு கைடு இல்லாம விடவே மாட்டாங்க, பெருவுல இன்கா ட்ரெயில வருஷா வருஷம் பிப்ரவரி முழுக்க மூடிடுவாங்க. அதனால லீவு போட்டு டிக்கெட் புக் பண்ணிட்டு அப்புறம் பர்மிட் தேடுனா கதை கந்தல். தேடும்போது அந்த பார்க்கோட சொந்த பக்கத்துல பாருங்க, யாரோ நாலு வருஷம் முன்னாடி எழுதுனத நம்பாதீங்க, கிளம்புறதுக்கு மொத நாள் ரேஞ்சர் ஆபீஸ்ல பாதை தெறந்திருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

வழில ஓடை இருக்கான்னும் கேளுங்க. பனி உருகி வர்ற ஓடைன்னா காலைல கணுக்கால் அளவு இருக்கும், மத்தியானம் அதே எடத்துல முட்டிக்கு மேல இழுக்கும். போகும்போது ஈஸியா தாண்டிட்டோமேன்னு நெனச்சு திரும்பி வரும்போது மாட்டுவாங்க. தாண்டும்போது பையோட இடுப்பு பெல்ட்ட கழட்டி விட்டுக்கணும், விழுந்தா பை நம்மள அமுக்கக் கூடாது.

ஆளுக்கு ஒரு விசில் கழுத்துல மாட்டுங்க. ஆபத்துன்னா நிமிஷத்துக்கு ஆறு தடவை, ஒரு நிமிஷம் கேப், திரும்ப ஆறு. பதில் மூணு தடவை வரும். தொண்டை கட்டுனா கத்த முடியாது, விசில் ஊதலாம். எப்போ திரும்புவோம், எத்தன மணி வரைக்கும் வரலன்னா யாருக்கு போன் பண்ணணும்னு வீட்ல ஒருத்தர்கிட்ட எழுதி குடுத்துட்டு போங்க.

வெளிக்கு போறது பத்தி யாரும் கேக்க மாட்டாங்க, நானே சொல்லிடறேன். தண்ணிலேந்தும் பாதைலேந்தும் ஒரு 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் கிட்ட குழி தோண்டி, மூடிட்டு வரணும். பேப்பர பைல போட்டு திரும்ப கொண்டு வாங்க.

---

மேகம்_பாத்தவன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாரமா பதில் போட முடியல, ஏன்னா நீங்க சொன்னத செஞ்சு பாத்துட்டு வரலாம்னு இருந்தேன்.

நேத்து பக்கத்துல இருக்குற குன்றுக்கு நாலு பேரும் ஆளுக்கு 7 கிலோ பையோட போனோம், 300 மீட்டர் ஏத்தம், மொத்தம் 6 கிலோமீட்டர். நெய்ஸ்மித் கணக்குக்கு 1 மணி 42 நிமிஷம் வரணும். எங்களுக்கு 2 மணி 50 நிமிஷம் ஆச்சு! ஒன்றரை மடங்கு கூட பத்தல. மச்சான் மொத அரை மணி நேரம் பறந்துட்டு போனான், அப்புறம் ஒரு பாறை மேல உக்காந்திருந்தான், சித்தப்பா ஒன்னுமே பேசாம அவனுக்கு தண்ணி பாட்டில நீட்டிட்டு தாண்டி போயிட்டாரு. ஆனா எறக்கத்துல சித்தப்பாவுக்கு வலது முட்டி லேசா வலிச்சிருக்கு, வீட்டுக்கு வந்து தான் சொல்றாரு. ஸ்டிக் ஆர்டர் போட்டாச்சு.

இந்த கணக்க அப்படியே வச்சா கணவாய்க்கு போக வர எட்டு மணி நேரத்துக்கு மேல வருது, ரெஸ்ட்டெல்லாம் அதுக்கு மேல. அதனால காலைல அஞ்சரைக்கே கெளம்புறோம், 11 மணிக்கு திரும்புறோம், 3000 மீட்டர்கிட்ட ஒரு ஏரி இருக்காம், அது வரைக்கும் போனாலே போதும்னு வைஃப் சொல்லிட்டா. மேல டென்ட் கேன்சல். மச்சான் இன்னும் மொறைச்சுட்டு தான் இருக்கான்.

@ஒத்தையடிப்பாதை அண்ணா, அந்த லேஸ் கணுக்கால்கிட்ட கட்டுறது எப்படின்னு ஒரு போட்டோ போட முடியுமா, நான் கட்டுனது பத்து நிமிஷத்துல அவுந்துடுது.