இரவு நித்திரைக்கு ஒரு வழி சொல்லுங்கோ

அக்காமார், அண்ணாமார் எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். மகன் பிறந்து இன்னும் மாதம் ஆகவில்லை. பகல் முழுக்க நல்ல நித்திரை. இரவு பத்து மணி தாண்டினால் கண்ணை உருட்டிக்கொண்டு விளையாட்டு! புதிதாய்ப் பிறந்த பிள்ளை நாளுக்கு 14 முதல் 17 மணித்தியாலம் தூங்கும், ஆனால் 2, 3 மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாலுக்கு எழும்பும். பகல் இரவு பிடிபடச் சில வாரங்கள் எடுக்குமாம். சரி, அவன் கணக்கு சரிதான். என் கணக்குத்தான் இடிக்கிறது.

"பிள்ளை படுக்கும்போது நீயும் படு" என்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஆட்கள் பிள்ளை பார்க்க வருகிறார்கள். பிஸ்கட் பெட்டியோடு வந்து இருந்தால் எழும்புவதே இல்லை. மனம் நோகாமல் அவர்களை ஒரு நேரத்துக்குள் எப்படி அடக்கினீர்கள்?

இவர் விடியவே வேலைக்குப் போகிறவர். ஏவறை எடுப்பது, துணி மாற்றுவது எல்லாம் முன்னிரவில் அவர் பார்ப்பார். நான் ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை ஒரே நீட்டாகப் படுக்க வேண்டும் என்றால் பால் எடுத்து வைக்க வேண்டும். இந்த வெக்கைக்கு வெளியில் வைக்கப் பயம், ஃப்ரிஜ்தான். அப்படிச் செய்தவர்கள் கோப்பையில் கொடுத்தீர்களா, போத்தலிலா? டவுனில் பால் எடுக்கிற நல்ல கைப்பம்ப் எந்தப் பக்கம் வாங்கலாம்?