ஜெபிக்க முடியாத நாட்களில் என்ன வாசித்தீர்கள்?

குழுவிலுள்ள சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து நான்கு மாதம் ஆகிறது. முழங்கால் போட்டால் "ஆண்டவரே" என்ற சொல்லுக்குமேல் வாய் நகர மறுக்கிறது.

அம்மாவின் வேதாகமம் என்னிடம்தான் இருக்கிறது. 88ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாய் ஒரு கோடு. ஏன் போட்டார் என்று கேட்க ஆள் இல்லை. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 13ஆம் சங்கீதம் ஆறே வசனத்தில் "எதுவரைக்கும்" என்பதிலிருந்து பாட்டுக்கு வந்துவிடுகிறது. 88 அப்படி இல்லை, 18 வசனமும் அழுகைதான். என்னவோ, அதுதான் இப்போது எனக்கு ஒத்துப்போகிறது.

"விசுவாசம் குறைந்துவிட்டது, அதான்" என்று ஒருவர் சொன்னார். சரி, அன்போடுதான் சொல்லியிருப்பார். ஆனால் சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்துக்கொண்ட எலியா தீர்க்கதரிசியைத் தூதன் கடிந்துகொள்ளவே இல்லையே! சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, இரண்டு தடவை சாப்பிட எழுப்பினான், இடையில் தூங்கவும் விட்டான்.

நான் கேட்பது இதுதான். இப்படிப்பட்ட நாட்களைத் தாண்டி வந்தவர்கள் எந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டீர்கள்? சத்தமாய் வாசித்தீர்களா, எழுதிவைத்தீர்களா? ஜெபிக்கத் தெரியாதபோது ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்ற ரோமர் 8:26 வசனத்தை ஏற்கெனவே நிறையப் பேர் அனுப்பிவிட்டார்கள், அது வேண்டாம். அப்புறம், ஆராதனையில் பாடாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது உண்டா? மறுபடி எப்போது பாட வந்தது? இங்கே எழுதத் தயக்கமென்றால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.