மழைக்கு முன் தகரக் கூரையைச் சரிசெய்ய யோசனை வேண்டும்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நாங்கள் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாபிஸ் பக்கம், தோட்டத்தை ஒட்டிய பழைய பலகை வீட்டில் இருக்கிறோம், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், அப்புறம் மார்ச் வரைக்கும் எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது, அதற்குள் கூரையைச் சரிபண்ணிவிட வேண்டும்.

தகரம் முழுதாகக் கெட்டுப்போகவில்லை. ஆணி அடித்த இடங்களில்தான் ஒழுகுகிறது. ஆணித் தலைக்கு அடியில் இருந்த ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்து, துளையைச் சுற்றித் துரு ஏறியிருக்கிறது. சிலிக்கான் பூசினால் போதும் என்கிறார் ஹார்ட்வேர் கடைக்காரர், ஆனால் துருவைச் சுரண்டாமல் பூசினால் அது பிடிக்காது, உரிந்து வந்துவிடும். ஆணிகளைப் பிடுங்கிவிட்டு ரப்பர் வளையம் வைத்த திருகாணி போடலாமா? பழைய துளையிலேயே கொஞ்சம் தடித்த திருகாணி போட்டால் அடியில் இருக்கும் கட்டை தாங்குமா, இல்லை தகரத்தையே மாற்றுவது நல்லதா? இந்த வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

அடுத்தது வெள்ளம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் அடுத்தடுத்து வந்ததைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அம்மாவால் நடக்க முடியாது, அதனால் எனக்குக் கரண்ட் பயம்தான் அதிகம். தரையை ஒட்டியிருக்கும் பிளக் பாயிண்டுகளை மேலே ஏற்ற வேண்டும், மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் சுவிட்சையும் சோதிக்க வேண்டும். சிகாமட், லாபிஸ் பக்கம் வந்து செய்யும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கூலி எவ்வளவு வரும் என்பதையும் சேர்த்து. கூரைத் தண்ணீர் வடியும் பீலியும் கால்வாயும் நாங்களே சுத்தம் பண்ணிக்கொள்வோம்.