படத்தின் மேல் வண்ணச் சாய்வு தெரியவில்லை

கேள்வி:
என் வலைத்தள முகப்பிலுள்ள கடற்கரைப் படத்தின் அடியில் இட்ட வெள்ளைத் தலைப்பு, அலை நுரையின் வெண்மையில் கரைந்துவிடுகிறது. கீழிருந்து மேலாக மங்கும் கருமையைச் சேர்க்க எண்ணி, சிஎஸ்எஸ்ஸில் இமேஜ் டேகுக்கே ஆஃப்டர் (::after, உறுப்பின் உள்ளடக்கத்துக்குப் பின் சேரும் போலி உறுப்பு) எழுதினேன், எதுவும் தெரியவில்லை. பிழை எங்கே?

பதில் 1:
இமேஜ் டேக் தன் உள்ளடக்கத்தை வெளிக்கோப்பிலிருந்து பெறுவதால், பிஃபோரும் ஆஃப்டரும் அதில் உருவாவதில்லை. படத்தை ஒரு டிவ்வுக்குள் (div, வெறும் பெட்டி) வைத்து, அதற்கு பொசிஷன் ரிலேட்டிவ் கொடுத்து, அதன் ஆஃப்டருக்கு வெற்று கன்டென்ட், அப்சல்யூட், இன்செட் 0 (நான்கு விளிம்பும் பெட்டியோடு ஒட்ட) ஆகியவற்றோடு லீனியர் கிரேடியன்டை, அதாவது வண்ணச் சாய்வை, எழுதுங்கள். உள்ளே இணைப்பு இருந்தால் ஆஃப்டரின் பாயின்டர் ஈவென்ட்ஸை none ஆக்குங்கள். இல்லையேல் கிளிக்கைச் சாய்வே வாங்கிக்கொள்ளும்.

பதில் 2:
வெறும் அலங்காரப் படமென்றால் பேக்கிரவுண்ட் இமேஜே போதும். முதலில் எழுதுவதுதான் மேலே வரும் என்பதால் கிரேடியன்டை முன்னும் படத்தைப் பின்னும் எழுதுங்கள். நானே பலமுறை மாற்றி எழுதி விழித்திருக்கிறேன்.

கேட்டவர்:
முதல் வழி பலித்தது, நன்றி. ஆனால் தலைப்பும் சேர்ந்து இருண்டுவிட்டது.

பதில் 1:
தலைப்புக்கு பொசிஷன் ரிலேட்டிவும் இசட் இன்டெக்ஸ் (எது மேலே வரும் என்ற அடுக்கு வரிசை) 1-ம் கொடுங்கள். தூய வெண்மையின் மேல் 50 சதவீதக் கருமை இட்டால், வெள்ளை எழுத்துக்கு ஏறத்தாழ 3.9:1 ஒளி வேறுபாடுதான் (கான்ட்ராஸ்ட்) கிடைக்கும். சிறிய எழுத்துக்கு 4.5:1 வேண்டும் என்பதால், தலைப்பின் மேல்விளிம்பிலும் 60 சதவீதக் கருமை இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.