கம்போ: மதியம் சமைச்சு சாயங்காலம் வரை சூடா வைப்பது எப்படி?

தாமரை_கே:
சனிக்கிழமை 20 பேருக்கு லூசியானா பாணி கோழி, சாசேஜ் கம்போ (சோறோட சாப்பிடற அமெரிக்கக் கெட்டிக் குழம்பு). இறாலும் உண்டு. சமையல் 1 மணிக்கு முடிஞ்சிடும், பந்தி 6 மணிக்கு. அஞ்சு மணி நேரமும் அடுப்பில் சிம்மிலேயே விடலாமா, 6 லிட்டர் ஸ்லோ குக்கருக்கு (மெதுவா சூடாக்கற மின்சாரப் பானை) மாத்தணுமா? கெட்டிப்படுத்த வெண்டைக்காய், ஃபிலே பொடி ரெண்டும் வாங்கியாச்சு. எதை எப்போ போடறது?

அடிகனம்:
முதல்ல அளவு. 6 லிட்டர் குக்கரில் இறாலையும் சேர்த்து 5 லிட்டருக்கு மேல போனா வழியும். ஆளுக்கு 250 மி.லி., சோறோட போதும்.

இந்த அளவுக்கு எண்ணெய் 2 கப், மைதா 2 கப் (சுமார் 250 கிராம்). சாக்லேட் நிறம் வர்ற வரைக்கும் மிதமான தீயில் கைவிடாம கிளறணும், 40 நிமிஷம் ஆகும். நிறம் ஏற ஏற மாவோட கெட்டிப்படுத்துற சக்தி குறையும். அதனால கருக்க வறுக்கறவங்க மாவைக் குறைக்கக் கூடாது. கரும்புள்ளி தெரிஞ்சா கருகிடுச்சுன்னு அர்த்தம். கொட்டிட்டுப் புதுசா ஆரம்பிங்க, கசப்பை எந்த மசாலாவும் மறைக்காது. நிறம் வந்ததும் 4 கப் வெங்காயம், செலரியும் குடைமிளகாயும் 2 கப் வீதம். காய்களோட ஈரம் பட்டதும் வறுபடறது நின்னுடும்.

ஸ்டாக்கை (எலும்பு வேகவெச்ச சாறு) கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கரைச்சு, ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைச்சிடுங்க. ஓரத்தில் மட்டும் ஒண்ணு ரெண்டு குமிழி வந்தா போதும். தளதளன்னு கொதிச்சா கொழுப்பு குழம்போட கலந்து பிசுக்குன்னு ஆயிடும். மெதுவா கொதிச்சா எண்ணெய் மேலே மிதக்கும், கரண்டியால எடுத்துடலாம். மொத்தம் ரெண்டு மணி நேரம். வதக்கின தொடைக்கறியைக் கடைசி முக்கால் மணியில் போடுங்க. நெஞ்சுக்கறி வேண்டாம், சக்கையாயிடும்.

மாவு அடியில் தங்கும், பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தட்டையான மரக்கரண்டியால அடியைத் தடவிக் கிளறணும். அடிபிடிச்சா சுரண்டாதீங்க. மேலாக வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க.

சூடுமானி:
அஞ்சு மணி நேரம் சிம்மில் வேண்டவே வேண்டாம். சாறு வற்றி உப்பு ஏறும், கோழி நார் நாராப் போகும்.

சூடா வைக்கறதுக்கு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இறங்காம இருந்தா போதும். 65–70 வசதி. குக்கர் பாத்திரத்தில் வெந்நீர் ஊத்திச் சூடாக்கிக் கொட்டிட்டு, கொதிக்கிற கம்போவை மாத்தி ‘வார்ம்’ல வைங்க. ஆறின கம்போவை ‘வார்ம்’ல வெச்சா ஏறவே பல மணி நேரமாகும், அதுக்குள்ள கிருமி பெருகிடும். தெர்மாமீட்டரை நடுவில் விட்டுப் பாருங்க, ஓரத்துச் சூடு ஏமாத்தும். மூடி போட்டே இருக்கட்டும். இறுகினா உப்பில்லாத சூடான ஸ்டாக் அரை கப். சோறு தனியாத்தான், உள்ளே போட்டா சாறு முழுக்க உறிஞ்சிடும்.

என்னைக் கேட்டா வெள்ளிக்கிழமையே செஞ்சிடுங்க. ருசியும் சேரும், உறைஞ்ச கொழுப்பும் தகடா வந்துடும். ஆனா முழுப் பானையை அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, நடுப்பகுதி ஆறவே ஆறாது. அகலமான தட்டுகளில் பிரிச்சு, 2 மணி நேரத்தில் 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்தில் 5 டிகிரிக்கும் இறக்கணும். மறுநாள் நல்லாக் கொதிக்க வெச்சுட்டு அப்புறம் குக்கர்.

கொழகொழ:
வெண்டைக்காயை எண்ணெயில் 15–20 நிமிஷம் வதக்கி, நூல் விடறது நின்னதும் ஸ்டாக்கோட சேர்த்துடுங்க. ஃபிலே, சசாஃப்ராஸ் மரத்தோட காய்ஞ்ச இலைப்பொடி. சொக்டாவ் பழங்குடியினர்கிட்டேருந்து வந்தது. அது கொதிச்சா கயிறு மாதிரி இழுபடும், அதனால குக்கருக்குள்ள போடாதீங்க. மேஜையில் கிண்ணத்தில் வெச்சா அவரவர் கால் ஸ்பூன் தூவிக்கலாம். பழைய வழக்கப்படி ரெண்டில் ஒண்ணுதான். ரெண்டும் சேர்ந்தா தப்பில்ல, வெண்டைக்காயைப் பாதியாக் குறைங்க.

இறாலை ‘வார்ம்’ல நம்பிப் போட்டுடாதீங்க. முன்னாடியே போட்டா ரப்பர்.

தாமரை_கே:
அப்போ இறால் எப்போ? குக்கரில் கொதி வராதே.

கொழகொழ:
5:45-க்கு வாணலியில் தனியா வதக்குங்க, ரெண்டு பக்கமும் சிவந்து சுருள 3–4 நிமிஷம். அந்தச் சாறோட சேர்த்து குக்கரில் கொட்டிக் கிளறி உடனே பரிமாறலாம். ஒன்றரை கிலோ ஒரே ஈட்டில் வாணலியில் நிறைச்சா நீர் விட்டு அவிஞ்சுடும், மூணு ஈடாப் போடுங்க.